கண்ணாடிக்குள் ஒரு கடல்

தெரிந்து செய்த தவற்றைக் காட்டிலும் தெரியாமல் செய்த தவறு நம்மை அதிகமாகச் சோதிக்கும் என்று நான் எண்ணியதே இல்லை. தெரிந்து செய்ததற்கு மனம் தானாகவே குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறது. தெரியாமல் செய்ததற்கோ, ‘எனக்கு எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி எப்போதும் கைவசம் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மனிதன் எவ்வளவு நேரம் ஒளிந்திருக்க முடியும்? 2022ஆம் ஆண்டு ஜூலை மாதம், சிங்கப்பூரில் என் மகன் வீட்டுக் கூடத்தில் இருந்த ஒரு மீன்தொட்டி எனக்கு அதைக் கற்றுத் தந்தது.

தூத்துக்குடியை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவன் நான். கடலில் தொழில் செய்த குடும்பம். நான் மட்டும் படித்துப் பள்ளி ஆசிரியன் ஆனேன்; என் மகன் அதற்கும் மேலே படித்துச் சிங்கப்பூரில் வேலைக்குச் சென்றான். பெருந்தொற்றுக் காலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரனைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்த நான், வழி திறந்ததும் புறப்பட்டுப் போனேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்கள் வீடு. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கூடத்துச் சுவரை ஒட்டி நான்கடி நீளத்தில் நீல ஒளியோடு நின்ற அந்தத் தொட்டிதான்.

“கடலை விட்டுவிட்டுப் படிக்க வந்தவன், கடைசியில் கடலை விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறாயே, தம்பி” என்று கேலி செய்தேன். அவன் சிரித்துக்கொண்டான்.

கேலி செய்தேனே தவிர, அடுத்த நாள் முதல் அதன் முன்னே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலை மேலிருந்து பார்த்தவன் நான். அதன் அடித்தளத்தைப் பக்கவாட்டில் இருந்து பார்த்ததில்லை. பாறைகளின் மேல் பவளங்கள் மலர்களைப் போல விரிந்து நின்றன. அவை செடிகள் அல்ல, சிற்றுயிர்களின் கூட்டம் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் விளக்கு அணைந்தபின் அவை ஒவ்வொன்றாகச் சுருங்குவதையும், காலையில் விளக்கு எரிந்ததும் மெல்ல விரிவதையும் அப்போதுதான் கண்டேன். பவளத்தின் உடலுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை சமைக்கும் உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளம் பாசிக்கு இடம் தருகிறது. ஒன்றின் வாழ்வு மற்றொன்றின் வாழ்வாக இருக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தவை வேறு இரண்டு உயிர்கள். மணலில் ஒரு சிறிய வளை. அதன் வாயிலில் உளுவை இனத்துச் சிறுமீன் ஒன்று எந்நேரமும் காவல் நிற்கும். வளையைத் தோண்டுவது அந்த மீன் அன்று, ஓர் இறால். சொடுக்குப் போட்டாற்போல் ஒலி எழுப்பும் கொடுக்கு உடையது. அதற்குக் கண்பார்வை மிகவும் குறைவு. ஆகவே மணலை வெளியே தள்ள வரும்போதெல்லாம் தன் நீண்ட உணர்கொம்பு ஒன்றை மீனின் உடல்மேல் வைத்துக்கொண்டே வரும். ஆபத்து தெரிந்தால் மீன் வாலை அசைக்கும். இறால் உள்ளே ஓடிவிடும். இரவில் இரண்டும் ஒரே வளைக்குள் உறங்கும். ஆறு வயதுப் பேரன், “அந்த இறால் தாத்தா, இந்த மீன் நான்” என்பான். சாலையைக் கடக்கும்போது நான் அவன் தோளைப் பற்றிக்கொள்வது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

அந்தத் தொட்டியில் சுமார் 300 லிட்டர் நீர். கடலில் இருப்பதைப் போலவே லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. சிங்கப்பூரின் வெக்கையில் நீர் சூடேறாமல் 26 பாகையில் வைத்திருக்க ஒரு குளிர்விப்பான். தொட்டிக்கு அடியில், மரப்பெட்டிக்குள் மறைவாக இன்னொரு சிறுதொட்டி. அதில் ஸ்கிம்மர் என்றொரு கருவி. அது ஒரு மெல்லிய குழாய் வழியே காற்றை உறிஞ்சி, நீருக்குள் கோடிக்கணக்கான நுண்குமிழிகளாக்கி, அழுக்கை நுரையோடு மேலே கொண்டுவந்து பிரித்துவிடும். “கடலில் அலை செய்வதை இங்கே இது செய்கிறது, அப்பா” என்றான் மகன். நம் நாட்டில் கல்பவளங்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001 முதல் காக்கப்படுவதால், இத்தகைய தொட்டியை நம் வீடுகளில் வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே எனக்கு எல்லாமே புதுமையாக இருந்தது. அந்தக் கருவி எந்தக் காற்றை உறிஞ்சுகிறது என்று மட்டும் நான் கேட்கவில்லை.

*

அந்த ஆண்டு சிங்கப்பூரில் டெங்குக் காய்ச்சல் மிகக் கடுமையாக இருந்தது. 2022 முடிவதற்குள் 32,000 பேருக்கு மேல் அதற்கு ஆளாயினர். வீட்டின் இருண்ட மூலைகளில் பூச்சிமருந்து தெளியுங்கள் என்று அரசும் அறிவுறுத்திக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பேரனின் கையில் கொசுக்கடித் தடிப்புகளைக் கண்டேன். மகனும் மருமகளும் வெளியே சென்றிருந்தார்கள். போதாக்குறைக்கு, தொட்டியின் அடிப்பெட்டியிலிருந்து ஒரு கரப்பான் பூச்சி ஓடியது. பேரன் அலறினான்.

சமையலறை அலமாரியில் இருந்த மருந்துப் புட்டியை எடுத்தேன். சன்னல்களைச் சாத்தினேன். நாற்காலிகளுக்கு அடியில், திரைச்சீலைகளுக்குப் பின்னால், கடைசியாகத் தொட்டியின் அடிப்பெட்டியைத் திறந்து அதற்குள்ளும் தாராளமாகத் தெளித்தேன். தொட்டி நீரில் ஒரு துளியும் படவில்லை என்பதை உறுதி செய்துகொண்டேன். கரப்பான் பூச்சி மல்லாந்து கால்களை உதறி அடங்கியது. பேரனை அழைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு உறங்கினேன்.

விடிந்ததும் கூடத்தில் மகனின் குரல் கேட்டது. முதுகில் வெண்கோடு ஓடும் சிவப்பு இறால்கள் இரண்டும் மல்லாந்து கிடந்தன. ஒன்று இறந்திருந்தது; மற்றதன் கால்கள் துடித்துக்கொண்டிருந்தன. மீன்களின் உடலில் தோன்றும் ஒட்டுண்ணிகளைத் தின்று அவற்றைத் தூய்மை செய்யும் இனம் அது. துறவி நண்டுகள் தங்கள் சங்குகளை விட்டுப் பாதி வெளியே சரிந்திருந்தன. பவளங்கள் விளக்கு எரிந்தும் விரியவில்லை. நீலநிறச் சிறுமீன் ஒன்று நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியது. உளுவை மீன் மட்டும் தன் வாயிலில் வழக்கம்போல் நின்றது. இறாலைக் காணவில்லை.

மகன் கலங்கிப்போனான். ஆனால் கைகள் நிதானமாக வேலை செய்தன. இறந்தவற்றை உடனே வெளியே எடுத்தான்; அழுகினால் அம்மோனியா உண்டாகி எஞ்சிய உயிர்களையும் கொன்றுவிடும் என்றான். சிறுகுழாய்களில் நீரை எடுத்து, மருந்துத் துளிகளை விட்டு நிறம் மாறுவதைப் பார்த்தான். அம்மோனியா இல்லை. உப்பின் அளவு சரி. வெப்பம் சரி. அந்த வாரம் வாங்கிவந்த புதுப் பவளத்தின்மேல் ஐயப்பட்டான். குளிர்விப்பானிலிருந்து மின்சாரம் கசிகிறதோ என்று கழற்றிப் பார்த்தான். மூச்சுத் திணறும் மீன்களுக்கு உயிர்க்காற்று வேண்டும் என்று ஸ்கிம்மரை முழுவேகத்தில் ஓடவிட்டான்.

மருமகள் சமையலறைக்குப் போனாள். அந்த வீட்டில் பிலிப்பீன்சு நாட்டுப் பெண் ஒருத்தி பணிப்பெண்ணாக இருந்தாள். கடின உழைப்பாளி, எங்களைப் போலவே கத்தோலிக்கர். “தொட்டியின் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாயா? சோப்புக் கையை உள்ளே விட்டாயா?” என்று மருமகள் கேட்பது எனக்குக் கேட்டது. குரலில் கடுமை இல்லை, கேள்வியில் இருந்தது. “இல்லை, அம்மா” என்று அவள் சொன்னாள். மறுபடியும் கேட்கப்பட்டது. மறுபடியும் அவள் இல்லை என்றாள். அதற்குப்பின் அன்று முழுவதும் அவள் கூடத்துப் பக்கம் வரவில்லை.

சத்தியமாக, அதுவரை எனக்கு உண்மை தெரியாது. பேரன் என் மடியில் உட்கார்ந்து, கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்த இரண்டாவது இறாலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “தாத்தா, நேத்து ராத்திரி கரப்பான் பூச்சியும் இப்படித்தானே காலை உதறிச்சு?”

நண்பகல் மணி பன்னிரண்டு இருக்கும். என் உடல் சில்லிட்டது.

*

நான் அறிவியலும் கற்பித்தவன். இறாலும் நண்டும் கரப்பான் பூச்சியும் கணுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்று எத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! வீட்டுப் பூச்சிமருந்துகள் பலவற்றில் இருப்பவை பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள். சாமந்தி இனப் பூ ஒன்றில் இயற்கையாகக் கிடைக்கும் நஞ்சைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை. பூச்சியின் நரம்புகளை ஓயாமல் துடிக்கவைத்துக் கொல்பவை. மனித உடல் அதை விரைவில் சிதைத்துவிடும். ஆகவே நமக்கு இடர் குறைவு. பூச்சிகளுக்கும் இறால்களுக்கும் மீன்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. மருந்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

நீரில் ஒரு துளியும் படவில்லை என்று நான் உறுதி செய்துகொண்டது உண்மைதான். ஆனால் அடிப்பெட்டிக்குள் இருந்த காற்றை இரவு முழுவதும் ஸ்கிம்மர் உறிஞ்சி நீருக்குள் நுண்குமிழிகளாகக் கலந்துகொண்டிருந்தது. தூய்மை செய்வதற்கென்று வைத்த கருவியே நஞ்சின் வாசலாயிற்று.

இது விளங்கியதும் நான் எழுந்து சென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ‘அதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்?’ என்று முதலில் எண்ணினேன். ‘இனிச் சொல்லி என்ன பயன், செத்தவை பிழைக்கவா போகின்றன?’ என்று பிறகு எண்ணினேன். ‘கடலோரத்தில் பிறந்த அப்பாவா இப்படிச் செய்தார் என்று மருமகள் நினைப்பாளே’ என்பது அடியில் கிடந்த எண்ணம். தெரியாமல் செய்த தவறு நண்பகலோடு முடிந்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு மணி நேரமும் நான் செய்தது, தெரிந்து செய்த தவறு.

அந்த மணி நேரங்களுக்கும் ஒரு விலை இருந்தது. என் மகன் மீன்களைக் காப்பாற்றுவதாக எண்ணி முழுவேகத்தில் ஓடவிட்ட ஸ்கிம்மர், மூடிய பெட்டிக்குள் எஞ்சியிருந்த நஞ்சையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. நீலமீன் மாலையில் இறந்தது. குற்றமற்ற ஒரு பெண் சமையலறையில் தலைகுனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இரவு எட்டு மணிக்குக் குடும்பச் செபமாலை. பேரன் ஒரு பத்து மணிகளைத் தட்டுத் தடுமாறிச் சொன்னான். இறுதியில் பாவ அறிக்கை செபம். சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் மட்டுமன்றி, கடமையில் தவறியதாலும் செய்த பாவத்தை அந்தச் செபத்தில் நாம் ஏற்றுக்கொள்கிறோம். அந்த நான்காவது இடத்தில் என் நா எழவில்லை. செபம் முடிந்து மற்றவர்கள் எழுந்தபோது நான் முழங்காலிலேயே இருந்தேன்.

“தம்பி, நேற்று இரவு நான் அந்தப் பெட்டிக்குள் பூச்சிமருந்து அடித்தேன்” என்றேன்.

மகன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். கோபத்தை எதிர்பார்த்தேன். அவனோ ஓடிப்போய் எல்லாச் சன்னல்களையும் திறந்தான். ஸ்கிம்மரின் காற்றுக்குழாயோடு நீண்ட குழாய் ஒன்றை இணைத்து, அதன் முனையைச் சன்னலுக்கு வெளியே விட்டான். பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் பலமுறை துடைத்தான். புட்டியைக் கேட்டு வாங்கி அதில் அச்சிட்டிருந்ததைப் படித்தான். பிறகு ஒரு பொட்டலத்தை எடுத்து, கருநிறக் குருணையைக் கழுவி, துணிப்பையில் கட்டி, நீர் பாயும் இடத்தில் வைத்தான்.

“என்ன அது?”

“கரி, அப்பா. நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.”

பொட்டலத்தைப் பார்த்தேன். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்த கரி! எங்கள் வீட்டில் என் தாய் இஸ்திரிப் பெட்டிக்குள் இட்ட சிரட்டைக் கரிதான். ஆனால் நீராவியில் மேலும் சுட்டுப் பதப்படுத்தியது. அப்போது அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எண்ணற்று உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்துப் போட முடிந்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும் என்கிறார்கள். அந்தப் பரப்பெல்லாம் நஞ்சு ஒட்டிக்கொள்ள இடம்.

“எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிவிடலாமே” என்றேன் என் அவசரத்தில்.

“கூடாது அப்பா. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே மிச்சமும் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும்.”

தூய்மைப்படுத்திய நீரில் அளந்து உப்பைக் கரைத்து, காற்றூட்டி, தொட்டி நீரின் வெப்பத்துக்கும் உப்பின் அளவுக்கும் இணையாகக் கொண்டுவந்து, அதன்பிறகே ஐந்தில் ஒரு பங்கை மாற்ற வேண்டும். மறுநாள் மீண்டும் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு மறுநாள் மீண்டும். கரியையும் சில நாள்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; நிறைந்த கரி மேலும் ஏற்காது. நள்ளிரவு வரை வாளியில் உப்பைக் கலக்கிக்கொண்டு நான் அவன் அருகில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான், என் முகத்தைப் பாராமல்:

“மத்தியானமே சொல்லியிருந்தால், மத்தியானமே கரியைப் போட்டிருப்பேன், அப்பா.”

*

மறுநாள் ஞாயிறு. ஓஃபீர் சாலையில் உள்ள தூய லூர்தன்னை ஆலயத்துக்குச் சென்றோம். 1888இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் அது. சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்களின் தாய்வீடு. இன்றும் அங்குத் தமிழில் திருப்பலி நடைபெறுகிறது. திருப்பலிக்கு முன் ஒப்புரவு அருட்சாதனத்துக்குச் சென்றேன். நடந்தவை எல்லாவற்றையும் சொன்னேன். மீன்தொட்டிக்காக ஒரு கிழவன் பாவசங்கீர்த்தனம் செய்கிறானே என்று குருவானவர் நகைப்பார் என்று அஞ்சினேன். அவர் நகைக்கவில்லை. கேட்டு முடித்தபின் அமைதியாக வினவினார்: “சொல்ல வேண்டியவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டீர்களா?”

மகனிடம் சொன்னேன், மகன் மருமகளிடம் சொன்னான், ஆண்டவரிடம் இப்போது சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவே இல்லை! செபமாலைக்குப்பின் நான் சொன்னது தமிழில். அவள் தன் அறையில் இருந்தாள். காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, கரி போடப்பட்டது, கதை முடிந்தது என்று நாங்கள் இருந்துவிட்டோம். அவளோ இன்னும் குற்றம் சாட்டப்பட்டவளாகவே அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தாள். ஞாயிறு அவளுக்கு விடுமுறை; காலையிலேயே வெளியே போயிருந்தாள்.

மாலை ஏழு மணிக்கு அவள் திரும்பும்வரை வாசற்பக்கமே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. நான் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “தொட்டியில் நஞ்சு சேர்ந்தது என்னால்தான். நேற்று நண்பகலிலேயே எனக்குத் தெரியும். உன்மேல் பழி விழுந்தபோது நான் பேசாமல் இருந்தேன். என்னை மன்னித்துவிடு” என்றேன். மருமகளும் வந்து அருகில் நின்று அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு, “பரவாயில்லை, லோலோ” என்றாள். ‘லோலோ’ என்றால் அவர்கள் மொழியில் தாத்தா. பிறகு அவளாகவே தன் ஊரைப்பற்றிச் சொன்னாள். அவளும் கடற்கரையில் பிறந்தவள்தான். பிலிப்பீன்சுக் கடலில் 1960களிலிருந்து ஒரு கொடிய பழக்கம் பரவியிருந்தது. அழகு மீன்களை உயிரோடு பிடிப்பதற்காகப் பவளப்பாறை இடுக்குகளில் சயனைடுக் கரைசலைப் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கி வெளியே வரும். பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்புவார்கள். அந்த மீன்களில் பல வழியிலேயே இறக்கும். நஞ்சு பட்ட பவளமும் மடியும். சட்டம் தடுத்தும் மறைவாக நடந்தது. “என் மாமாவும் செய்தார், லோலோ. பாறை வெளுத்தபோது, யார் செய்தது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை” என்றாள்.

நான் மகனைப் பார்த்தேன். அவன் மெல்லச் சொன்னான்: “நான் வாங்கிய கோமாளி மீன்கள் பண்ணையில் பொரித்து வளர்த்தவை. மற்றவை எங்கிருந்து வந்தன என்று ஒருமுறையும் கேட்டதில்லை.” அந்த இரவில் எங்கள் நால்வருக்கும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

*

பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் நான்காம் அதிகாரம், அறியாமல் செய்த பாவத்துக்கு உரிய பலியைப்பற்றியே பேசுகிறது. அறியாமல் செய்ததற்கு ஏன் பலி என்று இளவயதில் எனக்கு விளங்கியதில்லை. இப்போது விளங்குகிறது. அந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டம், தவறு தெரியவரும் நேரம். அறியாமை குற்றத்தைக் குறைக்கிறது, நஞ்சைக் குறைப்பதில்லை. தெரியவந்த நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் நாம் யார் என்பது இருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிப்புப் பெறுவதை மட்டுமே நான் எண்ணியிருந்தேன். நோயின் பெயரைச் சொன்னால்தானே மருத்துவர் மருந்தைத் தொட முடியும்? மறைப்பவனுக்கு வலி மட்டும் மிஞ்சுவதில்லை. அவனைச் சுற்றியுள்ளவர்கள் தவறான மருந்தைத் தேடி அலைகிறார்கள்.

நம் மன்னார் வளைகுடாவை நினைத்துக்கொள்கிறேன். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். என் சிறுவயதில் அந்தப் பவளக் கற்களைப் படகு படகாக வெட்டிக் கொண்டுவந்து கரையில் குவிப்பார்கள். சுண்ணாம்புக்கும் சுவருக்கும் அவைதாம். எங்கள் வீட்டுச் சுவரிலும் அந்தக் கல் இருந்தது. உயிரோடு இருந்த ஒன்றை அடுக்கித்தான் குடியிருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. அந்தத் தீவுகளில் இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. 1986இல் அப்பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. நாம் எரிக்கும் எண்ணெயும் கரியும் அதற்குக் காரணம். அந்தப் புகையும் நான் தெளித்த மருந்தைப் போலத்தான். நீரில் ஒரு துளியும் விடவில்லை என்று எல்லாரும் உறுதியாகச் சொல்லலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலின் 41ஆம் பத்தி, மடிந்துவரும் பவளப்பாறைகளுக்காக வருந்துகிறது. அங்கு அவர் எடுத்தாள்வது, 1988இல் பிலிப்பீன்சு ஆயர்கள் எழுதிய மேய்ப்புப்பணி மடலை. அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில் தலைகுனிந்து நின்ற பெண்ணின் முகம் எனக்குத் தோன்றுகிறது.

வாசகர்களில் எவர் வீட்டிலேனும் சிறு மீன்தொட்டி இருக்கலாம். நன்னீர்த் தொட்டியாயினும் இது பொருந்தும். அந்த அறையில் பூச்சிமருந்தோ வாசனைத் தெளிப்போ பயன்படுத்தாதீர்கள். தவிர்க்க இயலாவிட்டால், முதலில் காற்றூட்டும் கருவியை நிறுத்துங்கள்; தொட்டியை மூடுங்கள்; மணம் முற்றும் நீங்கியபின் திறங்கள். சோப்பும் தைலமும் பூசிய கையை நீருக்குள் விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு நேர்ந்தால் உடனே சொல்லிவிடுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப்பின் மேலும் இரண்டு வாரம் அங்கிருந்தேன். நாளுக்கு நாள் நீர் மாற்றினோம். நான்காம் நாள் மென்பவளங்கள் விரிந்தன. எட்டாம் நாள் கல்பவளங்கள் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கின. ஒன்று மட்டும் விரியவே இல்லை. அதன் சதை கரைந்து வெள்ளை எலும்பு மட்டும் நின்றது. மகன் அதை எடுத்து எறியவில்லை, தொட்டியிலேயே விட்டுவைத்தான். எங்கள் ஊர்க் கரையில் குவிந்து கிடந்த கற்களின் நிறம்.

உளுவை மீன் அத்தனை நாளும் வளையின் வாயிலை விட்டு அகலவில்லை. உள்ளே மணலைத் தள்ள ஒருவரும் இல்லாததால் வளை சிறிது சிறிதாகச் சரிந்து தூர்ந்துபோயிற்று. தூர்ந்த இடத்திலேயே அது காவல் நின்றது. பேரன் அதைப்பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை.

ஊர் திரும்பி ஒரு மாதத்துக்குப்பின் தொலைபேசியில் பேரன் கூவினான்: “தாத்தா! புது இறால் வாங்கிவிட்டோம். மீன் அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது!” எத்தனை நாள் பார்த்துக் காத்திருந்து வாங்கினீர்கள் என்று கேட்டேன். நீர் தூய்மையாகிவிட்டது என்று உறுதி ஆகும்வரை அப்பா வாங்கவே இல்லை என்றான். “யார் முதலில் வளை தோண்டியது?” என்று கேட்டேன்.

“இறால்தான். அதன் கொம்பு மீனைத் தொட்டுக்கொண்டே இருந்தது, தாத்தா” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீங்கள் வரும்போது மருந்து அடிக்காதீர்கள்” என்றான்.

அடிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதைவிட அருமையான வாக்கு ஒன்றை எனக்கு நானே கொடுத்திருக்கிறேன்: இனி ஒரு தவறு நேர்ந்து, அது எனக்குத் தெரியவந்தால், இரவுச் செபமாலை வரை காத்திருக்கமாட்டேன்.